மல்லிகைத் தூரடி மண்

ஜூன் 12, 2024, புதன்

இந்த வாரத்தில் இது மூன்றாம் முறை. அவர் பூட்டுக் கம்பெனிக்குக் கிளம்பியதும், மழையில் நனைந்த மல்லிகைத் தூரடியில் ஒரு கிள்ளு மண் எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். ஆறு மாதப் பிள்ளைத்தாச்சி மண் தின்கிறாள் என்று தெரிந்தால் அவர் என்ன சொல்வார்? மாங்காய் கேட்கக்கூடாதா இந்த வயிறு? வாயைக் கொப்பளித்துவிட்டுச் சமைக்கப் போனேன்.

ஜூன் 14, வெள்ளி

மழை பெய்தும் முன்வாசலில் மல்லிகையைச் சுற்றியுள்ள கோரையெல்லாம் மஞ்சளாகிக் கிடக்கிறது. சாப்பிடும்போது அவரிடம் சொன்னேன். பெருமையாகச் சிரித்தார்.

“காயாம? ஞாயித்துக்கெழம நீ பூசைக்குப் போயிருந்தப்ப களைக்கொல்லி அடிச்சேன்ல. ஒன் வளைகாப்புக்குப் பந்தல் போட எடம் வேணும்ல.”

ஞாயிறு. நான் தின்றது திங்கள், செவ்வாய், புதன்.

“என்ன, வெஞ்சனம் பிடிக்கலையா?” என்றார். பொரியல் நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினேன்.

ஜூன் 15

சொல்லவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

குளியலறைக்குப் பின்னால் அந்தக் களைக்கொல்லி டப்பா இருந்தது. திறந்து முகர்ந்தேன்; அப்போதிலிருந்து சோற்றிலும் அதே நெடி. பொடி எழுத்தில் ஒரு வரிதான் படிக்க முடிந்தது: குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளைக்கு எட்டாத இடம் எது?

கரண்டியால் தூரடியைக் கிளறினேன். ஒரு மண்புழுகூட இல்லை.

ஜூன் 17, திங்கள்

காலையிலிருந்து பிள்ளை அசையவே இல்ல. சர்க்கரைத் தண்ணி குடிச்சேன், இடது பக்கமா படுத்தேன் — ஒண்ணுமில்ல. ஏன்டி மண்ணத் தின்ன? மாதாவே, பிள்ளைக்கு ஒண்ணும் ஆகக்கூடாது.

இரவு:

போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். “மண்ணு தின்னேங்க. நீங்க மருந்து அடிச்ச எடத்துல.” கொஞ்ச நேரத்தில் வாசலில் அவர் வண்டிச் சத்தம் கேட்டது.

ஆஸ்பத்திரியில் துடிப்பு கேட்டது. டாக்டரம்மா திட்டவில்லை. “ரத்தம் ரொம்பக் கம்மி, அதான் மண்ணு கேக்குது. மாத்திரை தாரேன். உள்ள போனது கொஞ்சந்தான். ஆனா ஸ்கேன் பாத்துக்கிட்டே இருப்போம்.”

அந்த ‘ஆனா’ என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

ஜூன் 23, ஞாயிறு

இன்றும் அவர் பூசைக்கு வரவில்லை. மேல்மண்ணை முழங்கை ஆழத்துக்கு வெட்டி எடுத்துவிட்டு, ஆத்தூர்ப் பக்கமிருந்து செம்மண் கொண்டுவந்து நிரப்பினார். அடுத்த வீட்டு ஜெய்தூன் பீவி அக்கா ஒரு மூட்டை ஆட்டுப்புழுக்கை கொடுத்தார். மேலே சருகு மூடியிருக்கிறது.

“கோரை திரும்ப வருமே?” என்றேன்.

“வரட்டும். கெழங்கோட கையாலயே பிடுங்குறேன். வளைகாப்ப மாடியில வச்சுக்கலாம்.”

என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். அவருக்கும் பயம்தான்.

ஆகஸ்ட் 30

சருகுக்கடியில் முதல் மண்புழு. ஸ்கேன் சரியாக இருக்கிறது என்கிறார்கள். எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை.

ஜூலை 20, 2025, ஞாயிறு

காலையில் மழை. அவர் களைக்கொத்தோடு கோரை பிடுங்கிக்கொண்டிருந்தார். இசைவாணிக்குப் பத்து மாதம். பக்கத்தில் தவழ்ந்தவள் மல்லிகைத் தூரடிக்குப் போய் ஒரு பிடி மண்ணை வாயில் போட்டுக்கொண்டாள்.

ஓடினேன். விரலை விட்டு வழித்தெடுத்தேன். அவள் வீறிட்டு அழுதாள்.

“ஒன்ன மாதிரியே இருக்கா” என்றார் அவர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. விரலில் ஒட்டியிருந்ததை முகர்ந்து பார்த்தேன். பிறகு இன்னொரு முறையும் பார்த்தேன். மண் வாசனை மட்டும்தான் இருந்தது.