நீலமாய் மாறிய தண்ணீர்

அண்ணாச்சி,

நேற்று நல்லூரில் ஒரு பிரிண்டிங் யூனிட்டுக்குப் போயிருந்தேன். ஏற்றுமதியில் திரும்பி வந்த டி-ஷர்ட் லாட் ஒன்று கிடக்கிறது, பார்த்து விலை சொல்லுங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள். உள்ளே கால் வைத்ததும் யாரோ அமோனியா கேனின் மூடியைத் திறந்தார்கள். காட்டம் மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சாயத்துல கலக்கறதுங்க. ரெண்டு நாள் நின்னீங்கன்னா பழகிப் போயிருமுங்க" என்றார் யூனிட்காரர்.

லாட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இத்தனை வருட வியாபாரத்தில் சரக்கைத் தொடாமல் நான் திரும்பியது இல்லை. உங்களிடம் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். இதனால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

பொங்கலூர் தாண்டி இருந்த அந்த ரைபிள் கிளப்பில் நான் சேர்ந்தது சுடுவதற்காக அல்ல. பெரிய எக்ஸ்போர்ட்காரர்கள் வந்துபோகிற இடம், நாலு பேர் பழக்கமாகும் என்ற கணக்கு. கடைசியில் பழக்கமானது நீங்கள் ஒருவர்தான். பட்டாளத்தில் ஆயுதக் கிடங்கில் இருந்துவிட்டு வந்தவர். கிளப்பின் துப்பாக்கிகளெல்லாம் உங்கள் பொறுப்பு. புதுத் தோட்டா எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி, சுத்தம் செய்து, மறுபடி வெடிமருந்தும் குண்டும் ஏற்றித்தான் போட்டிக்குப் பழகுகிறவர்கள் காலம் தள்ளினார்கள். அதற்குக் கிளப்புக்கு லைசென்ஸ் இருந்தது. அந்த மேசைக்கு உங்களைத் தவிர யாரும் போகக்கூடாது.

கூடு கழுவ வெளிநாட்டு மெஷின் வாங்கலாம் என்று கமிட்டியில் ஒருவர் சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள். வெந்நீரில் கொஞ்சம் எலுமிச்சை உப்பு, பாத்திரம் கழுவுகிற சோப்பு. ஐந்து நிமிடத்துக்கு மேல் ஊறக்கூடாது. நாலு தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, மக்காச்சோளச் சக்கையை ரவைபோல உடைத்து அதோடு பெயின்ட் வாளியில் போட்டுச் சுற்றவிட வேண்டும். வாளியைச் சுற்றிய மோட்டார், நான் பழைய நிட்டிங் மெஷினிலிருந்து கழற்றிக் கொடுத்தது. சக்கை பக்கத்துத் தோட்டத்தில் சும்மா கிடந்தது. அரை நாள் ஓடினாலும் கூடுகள் மங்கலாகத்தான் வரும்.

"இவ்வளவு நேரம் ஓடியும் வெளுக்கலீங்களே அண்ணாச்சி" என்பேன்.

"துணிக்காரன் புத்தி உமக்கு. பளபளப்பப் பாத்து வெல சொல்லுவீரு. அழுக்கு போனா போதும்வே, இது என்ன கல்யாணப் பொண்ணா?"

சுத்தம் செய்த கூடுகளுக்கு நீங்கள் மருந்து நிறுப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். அந்தச் சின்னத் தராசின் முன் மூச்சைக்கூட அடக்கிக்கொள்வீர்கள். வேலை முடிந்ததும் டீ போடுவீர்கள். என் டம்ளருக்கு ஒன்றரைக் கரண்டி சர்க்கரை. ஒருநாள்கூடக் கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை.

போட்டி நெருங்கிய சமயத்தில் உங்கள் ஊர் சர்ச்சில் அசன விருந்து வந்தது, சபையார் எல்லோரும் கூடிச் சாப்பிடுகிற நாள். மழையில் நனைந்து கறுத்துப்போன கூடுகள் ஒரு மூட்டை கிடந்தன. "நான் வந்து கழுவுதேன். நீரு தொடாதீரும்" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினீர்கள். நான் தொட்டேன். என் குடோனில் பிரிண்டிங்காரர் ஒருவர் விட்டுப்போன அமோனியா கேன் ஒன்று பாதி இருந்தது. செலவே இல்லாமல் வேலையை முடித்து வைத்து, நீங்கள் வந்ததும் காட்ட வேண்டும் என்று ஓர் அற்ப ஆசை.

ஒரு பகலும் இரவும் ஊறவிட்டேன். மறுநாள் பார்த்தால் தண்ணீர் நல்ல ராயல் ப்ளூவாக இருந்தது. இந்த ஷேடைச் சாயப்பட்டறையில் கேட்டால் மூன்று முறை முக்கினாலும் வராதே என்று சிரித்துக்கொண்டேன். அழுக்குத்தான் இறங்குகிறது என்று நினைத்தேன். இறங்கியது பித்தளையிலிருந்த செம்பு.

அலசி எடுத்தபோது கூடுகள் தங்கமாக மின்னின. ஊரிலிருந்து வந்து பார்த்த நீங்கள், "என்னவே, நகைக்கடை வச்சிட்டீரா?" என்றீர்கள். ஒன்றை எடுத்து முகர்ந்தீர்கள். "ஏதோ வாடை அடிக்கே. என்னத்த ஊத்துனீரு?"

"எலுமிச்ச உப்பும் சோப்பும் தானுங்க. நீங்க சொன்ன மாதிரியேதான்."

நீங்கள் நம்பினீர்கள். அவ்வளவுதான் நடந்தது.

மருந்து ஏற்றிய எந்த லாட்டானாலும் முதலில் நீங்கள்தான் சுட்டுப் பார்ப்பீர்கள். நாலாவது தோட்டாவில் கூடு பிளந்து சூடான வாயு பின்னால் சீறியது. நீங்கள் போட்டிருந்த பாதுகாப்புக் கண்ணாடியின் ஓரத்தில் இருந்த இடைவெளி போதுமானதாக இருந்தது. வலது கண் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கட்டோடு கிடந்தவர், கமிட்டிக்காரர்கள் வாயைத் திறக்கும் முன்பே சொன்னீர்கள்: "என் கைதான் தப்பிட்டு. மருந்து கூடிப் போயிருக்கும்." அவர்களும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். நான் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அப்போது எனக்கே காரணம் தெரியாது என்பது உண்மை. ஆனால் இரண்டு மாதத்தில் தெரிந்தது. பித்தளைப் பட்டன் விற்கிறவர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "பித்தளைக்கு அமோனியா ஆகாதுங்க. பாக்க மினுமினுன்னு இருக்கும், அப்புறமா தானா வெடிப்பு உட்டுரும்." அன்றைக்கே வந்து சொல்லியிருக்கலாம். போலீஸ், கேஸ், சரக்கு வாங்குகிற பையரிடம் கெட்டுப்போகிற பேர் என்று எல்லாவற்றையும் யோசித்தேன். உங்களைப் பற்றியும் யோசித்தேன், கடைசியாக.

அதற்குப் பிறகு ஆறு வருடம். கிளப்பை நீங்களாகவே விட்டீர்கள். கண் போனதைப் பற்றி ஒரு வார்த்தை புலம்பியதில்லை. ஆனால் உங்கள் கையை நீங்கள் நம்பவில்லை. கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு, "செத்த பாருட்டி, சரியா மூடிருக்கனா?" என்று அக்காவை, உங்கள் சம்சாரத்தை, கூப்பிடுவீர்கள். மாத்திரையை எண்ணி அவரிடம் நீட்டித் திரும்ப எண்ணச் சொல்வீர்கள். ஞாயிற்றுக்கிழமை நான் வந்தால் டீ அவர்தான் போடுவார். ஒருநாள் நீங்கள் சர்க்கரைக் கரண்டியை எடுத்து, டம்ளருக்கு மேல் பிடித்தபடி நின்று, திரும்ப டப்பாவிலேயே போட்டுவிட்டீர்கள். "நீரே போட்டுக்கிடும்" என்றீர்கள். போட்டுக் குடித்தேன். அப்போதும் சொல்லவில்லை.

உங்கள் கல்லறையில் மண் போட்டு ஒரு மாதம் கழித்து அக்கா என்னைக் கூப்பிட்டனுப்பினார். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வைத்தார். "அவுக கிளப்ப விட்டுட்டு வந்த அன்னைக்கு உள்ள தள்ளுனது. ஒரு நாளும் திறந்ததே இல்ல. ஒங்களுக்குத்தான் வெவரம் தெரியும்."

நான் கழுவிய லாட்டில் மிச்சமான கூடுகள். கழுவிய பிறகு மருந்தே போடாதவை, மறுபடி சுடப்படாதவை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல், தலைமுடி மாதிரி, தானாக வெடிப்பு விட்டிருந்தது. நீங்கள் ஒரே ஒருமுறை அந்த மூடியைத் திறந்திருந்தால் போதும், மருந்தின் மேல் தப்பில்லை என்று ஒற்றைக் கண்ணிலேயே தெரிந்திருக்கும். ஆறு வருடம் அதன் மேல்தான் படுத்திருந்தீர்கள்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. டின்னிலிருந்து ஒரு கூட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"அப்பம் அவுக அளவு சரியாத்தான் இருந்துச்சா?"

"சரியாத்தானுங்க்கா இருந்துச்சு."

"இத அவுகட்ட சொல்லிருந்தா, ஒரு நாளாவது அவுக கையால டீ போட்டுருப்பாவ தம்பி."

எழுந்து உள்ளே போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது நான் அந்தப் பக்கம் போவதில்லை. வரவேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

அந்தக் கூடுகளில் ஒன்றை மட்டும் எடுத்து வந்தேன். சட்டைப் பையில் கிடக்கிறது. விலை பேசும்போது கை தானாக அங்கே போய், நகம் அந்த வெடிப்பில் மாட்டுகிறது. வெளியே எடுத்துப் பார்த்தால் இன்னும் மின்னுகிறது அண்ணாச்சி. துணிக்காரன் எவனானாலும் நல்ல விலை சொல்வான்.