பத்து வார்த்தையும் பதினாறாவது ஆட்டமும்

மார்ச் 3, செவ்வாய்

பேத்தியின் ஒன்பதாம் நம்பர் சட்டை வந்துவிட்டது. காலர் ஓரத்தில் தையல் விட்டிருந்தது, இரட்டை நூல் போட்டு ஓட்டினேன். நாட்டுக்காக ஆடுகிற பிள்ளைக்கு ஒற்றை நூலா? பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்கள் ரக்பி டீம் என்று நெஞ்சுப் பக்கம் போட்டிருக்கிறது. எழுத்துக்கூட்டி இரண்டு தரம் படித்தேன்.

டீமின் கணக்கு இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கிறது. வெளிநாட்டு டீம்களோடு இதுவரை பதினான்கு ஆட்டம். பதினான்கும் தோல்வி. 0–52, 7–31, இப்படி. போன வருடம் தீவு டீமிடம் 13–15. கட்டடத்தில் கேட்டவர்களிடமெல்லாம் "ரெண்டே பாயிண்டு" என்று மட்டும் சொன்னேன். மற்றதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஏப்ரல் 11 அன்று அவளுக்குப் பதினெட்டு முடிகிறது. அப்புறம் இந்த டீமில் இடம் கிடையாது. மிச்சம் இரண்டே ஆட்டம், இரண்டும் இங்கேயே. 14-ஆம் தேதி மலைநாட்டு டீம், 21-ஆம் தேதி தீவு டீம். "ஒரு மேட்ச்சாவது ஜெயிச்சிட்டுத்தான் பாட்டி இந்தச் சட்டையைக் கழட்டுவேன்" என்றாள். தினமும் கழட்டிடும்மா, நாத்தம் தாங்காது என்றேன்.

மார்ச் 5, வியாழன்

ஒரு காகிதத்தைக் கையில் திணித்தாள். "பாட்டி, இதை வாசிச்சு என்னைக் கேளு."

பத்து வார்த்தை. கதவு, மேகம், உப்பு, குதிரை, பாலம், கரண்டி, மணல், தொப்பி, விளக்கு, நிலா.

"என்னடி இது, பாடமா?"

"டாக்டர் வைக்கிற பரீட்சை. முன்னாடி ஒன்பதாம் நம்பர் ஆடின அக்கா கொடுத்தா. போறவ வர்றவளுக்குச் சட்டையோட இதையும் கொடுத்துட்டுப் போவா. டீம்ல அதான் வழக்கம்."

நான் ஐந்தாவதோடு நின்றவள். என்னிடம் ஒருத்தி பாடம் ஒப்பிக்கிறாள்! முதலில் மூன்று விட்டுவிட்டாள். வாய்ப்பாட்டு மெட்டில் போட்டுக் கொடுத்தேன், தொடையில் விரல் தட்டி. அந்தக் காலத்தில் பதினாறாம் வாய்ப்பாடே எனக்கு அப்படித்தான் ஏறியது.

மார்ச் 8, ஞாயிறு

பத்துக்குப் பத்து. தலைகீழாகவும் சொல்கிறாள். என் மகள் ஷிப்ட் முடிந்து வந்து, "பந்து விளையாட எதுக்கும்மா மனப்பாடம்?" என்கிறாள். அவள் சின்னதில் படிக்காததற்கு நான் என்ன செய்ய?

மார்ச் 14, சனி

10–24. பதினைந்தாவது தோல்வி. அதை எழுத உட்காரவில்லை.

இரண்டாம் பாதியில், பந்துக்காக விழுந்து கிடந்த பிள்ளைகளின் குவியலுக்கு அடியில் பந்து கிடந்தது. இவள் குனிந்து எடுக்கப் போனாள். யாரோ ஒருத்தியின் முட்டி இவள் தலையில்— சத்தம் முன்வரிசை வரை கேட்டது. எழுந்தாள், இரண்டு அடி வைத்தாள், அடுத்த டீம் பக்கம் நடந்தாள். கோச் கத்தினார். டாக்டர் கோட்டோரம் கூட்டிவந்து பெஞ்சில் உட்காரவைத்து ஏதோ கேட்டார்.

எனக்குக் கேட்கவில்லை. ஆனால் பார்த்தேன். இவள் விரல் தொடையில் தட்டுகிறது. தலை ஆடுகிறது. என் மெட்டு.

பத்தும் சொல்லியிருப்பாள். டாக்டர் தட்டிக்கொடுத்து மறுபடி உள்ளே அனுப்பிவிட்டார்.

பாடமா அது? அடிபட்ட தலை சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற கேள்வி அது. அதற்குப் போய் நான் மெட்டுக் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

மார்ச் 15, ஞாயிறு

"அம்மா ஷிப்ட் முடிஞ்சிருச்சா?" என்று கேட்டாள். பக்கத்தில்தான் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். சும்மா கேலி என்று சிரித்தார்கள் இருவரும். அரை மணியில் திரும்பக் கேட்டாள். அப்போது அம்மா குளிக்கப் போயிருந்தாள். நான் சிரிக்கவில்லை.

ஜன்னல் திரையை இழுத்துவிடச் சொல்கிறாள், வெளிச்சம் குத்துகிறதாம். தண்ணீரை டம்ளருக்கு வெளியே ஊற்றுகிறாள்.

மார்ச் 16, திங்கள்

கேட்டுவிட்டேன்.

"ஆமா, அதுக்குத்தான் அந்த லிஸ்டு. எல்லாரும்தான் படிக்கிறாங்க. ஒரு தடவை தப்பாச் சொன்னா மூணு வாரம் வெளிய உட்கார வெச்சிருவாங்க பாட்டி. எனக்கு மூணு வாரம் எங்க இருக்கு?"

"தலை வலிக்குதா?"

"லேசா."

"லேசான்னா?"

அழுதாள். "தீவு டீம் பாட்டி. ரெண்டே பாயிண்டு. நீதானே ஊர் பூரா சொன்னே."

ஆமாம், நான்தான் சொன்னேன்.

மார்ச் 17, செவ்வாய்

உள்ளதை எழுதுகிறேன். எனக்கும் அந்த வெற்றி வேண்டும். கீழ் வீட்டுக்காரி "இந்தத் தடவையும் தோத்தாச்சா?" என்று கேட்கும்போது எனக்கு எப்படி இருக்கும்! ஐந்து நாள்தானே, சரியாகிவிடும், வாயை மூடிக்கொண்டிரு என்று காலையிலிருந்து எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் துணி மடித்தவள் நான். தலைக்காய வார்டுத் துணிக்கு ஓரத்தில் பச்சை நூல் குத்தியிருக்கும். இவள் வயதுப் பிள்ளைகளின் தலையணை உறைகளும் அதில் வரும். சில பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் வரும். வந்துகொண்டே இருக்கும்.

இன்று அவள் தலையணை உறையை மாற்றும்போது, உறையின் ஓரத்தில் என் கை பச்சை நூலைத் தேடிற்று. என்ன புத்தி எனக்கு.

மார்ச் 19, வியாழன்

போய்விட்டேன். பயிற்சி மைதானத்துக்கு, பஸ் மாறி. காகிதத்தில் பத்து வார்த்தை எழுதிக்கொண்டு போனேன். எல்லாம் என் சலவைக்கூடத்து வார்த்தை. பித்தான், வாளி, கொக்கி, ஊசி, படிக்கட்டு, மூட்டை, நீராவி, கயிறு, சீப்பு, பூட்டு.

"டாக்டரம்மா, இன்னைக்கு என் பேத்திகிட்ட இதைக் கேளுங்க."

"ஏம்மா, என்கிட்டதான் லிஸ்டு இருக்கே."

"உங்க லிஸ்டு எனக்கே மனப்பாடம்."

அவர் முகம் மாறியது. சின்ன அறை, ஒரு மேசை, எடை பார்க்கும் மெஷின். அவளைக் கூப்பிட்டார். என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

டாக்டர் நிதானமாக வாசித்தார். கொஞ்சம் பொறுத்துத் திரும்பச் சொல்லச் சொன்னார்.

"பித்தான்... வாளி... ஊசி..." நின்றாள். விரல் தொடைக்குப் போனது. "மேகம், உப்பு, குதிரை, பாலம், கரண்டி..."

பழைய மெட்டில் ஓடிக்கொண்டே போனாள், கடைசி நிலா வரைக்கும். தப்பு என்றே அவளுக்குத் தெரியவில்லை. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இதோட சனிக்கிழமை இறங்கி இன்னொரு அடி பட்டிருந்தா—" என்றவர் என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் மொத்த டீமுக்கும் புது வார்த்தை வைத்துப் பார்த்தார்களாம். இவள் ஒருத்திதான் வெளியே.

பஸ்ஸில் ஒன்றுதான் சொன்னாள். "காட்டிக்கொடுத்துட்டேல்ல."

மார்ச் 20, வெள்ளி

மகளும் முகம் கொடுக்கவில்லை. "அஞ்சு நாளா தெரிஞ்சும் எங்கிட்ட சொல்லலையேம்மா."

மார்ச் 21, சனி

ஜெயித்துவிட்டார்கள்.

17–15. அதே இரண்டு பாயிண்டு. பதினாறு வயதுப் புதுப்பிள்ளை ஒன்பதாம் நம்பரில் ஆடினாள். சட்டை வேறு, நம்பர் அதே. விசில் ஊதியதும் எல்லாரும் கட்டிக்கொண்டு உருண்டார்கள். என் பேத்தி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து கை தட்டினாள். நன்றாகத்தான் தட்டினாள். நான்தான் பார்க்க முடியாமல் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கீழ் வீட்டுக்காரி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "உங்க பேத்தி டீம் ஜெயிச்சிருச்சாமே!" ஆமாம் என்றேன்.

கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். 16 என்று போட்டேன். அதற்கு மேல் கை ஓடவில்லை.

மார்ச் 30, திங்கள்

பெரிய ஆஸ்பத்திரியில் மூளை டாக்டர் அவளை எழுதிக் காட்டச் சொன்னார். நான்கு வரி. ஒவ்வொன்றும் கோட்டைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. ஓய்வு கொடுத்தால் தேறுமாம். எவ்வளவு நாள் என்று அவரும் சொல்லவில்லை.

வீட்டில் தேவைக்குப் பேசுகிறாள். "உப்பு." "துண்டு எங்க?" அவ்வளவுதான்.

ஏப்ரல் 11, சனி

பதினெட்டு. நான்கு ஆட்டம் ஆடினாள், நான்கும் தோல்வி. அந்தக் கணக்கில் இனி எதுவும் சேராது. சட்டையைத் துவைத்து மடித்து வைத்தேன். இரட்டைத் தையல் அப்படியே இருக்கிறது.

ஏப்ரல் 19, ஞாயிறு

சாயங்காலம் திரையைத் தானே விலக்கி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். போன் வந்தது. அந்தப் புதுப்பிள்ளை. அடுத்த மாதம் வெளிநாட்டில் ஆட்டமாம். நான் அடுப்படியில் இருந்தேன், காது மட்டும் அங்கே.

"லிஸ்டா? டாக்டர் மாத்திட்டே இருக்காங்களே... இல்ல, தெரிஞ்சாலும் தர மாட்டேன்... அவங்க கேக்குறப்ப என்ன ஞாபகம் இருக்கோ அதைச் சொல்லு. வரலைன்னா வரலைன்னு சொல்லிட்டு வெளிய வந்து உட்காரு... சேச்சே, கோபமெல்லாம் இல்லடி. அன்னைக்கு நல்லா ஆடினே."

போனை வைத்துவிட்டு அடுப்படி வாசலுக்கு வந்தாள்.

"பாட்டி, அந்த நோட்டோட கடைசிப் பக்கத்தைக் காட்டு."

கொடுத்தேன். 16 என்று போட்டு நான் விட்டிருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். என் பேனாவை வாங்கி, 17–15, வெற்றி என்று எழுதினாள். மெதுவாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி.

எழுத்து சாய்ந்துதான் இருக்கிறது. ஆனால் கோட்டின் மேலேயே நிற்கிறது.