இடது தோளுக்கு ஒரு பட்டை

சனிக்கிழமை, இரவு

நாளை காலை பேத்தி கோமதிக்கு ஏனாத்தூரில் பேட்மிண்டன் போட்டி. மட்டை வீசும் தோளில் அடிபட்டு இப்போதுதான் ஆறியிருக்கிறது. தோள் பட்டை போடாமல் ஆடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மாலையில் என் மகன் சேகர் உத்திரமேரூர் கடையில் ஒன்று வாங்கி வந்தான். கடைக்காரர் முதலில் கழுத்தெலும்பு முறிந்தவர்களுக்கான பெல்ட்டைக் காட்டினாராம். அது இரண்டு தோளையும் பின்னால் இழுக்கும், மட்டை வீச முடியாது என்று ஒற்றைத் தோளுக்கான இதை எடுத்தானாம். சரியாகத்தான் யோசித்திருக்கிறான். பெட்டியிலிருந்த தாளை நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். வலது தோளுக்கு மட்டும் என்று இருந்தது.

"டேய், பொண்ணு இடது கையிலதான ஆடுது?"

"இன்னா நைனா சொல்ற? சோத்துக் கையாலதான துன்னுது!"

அவள் ஆடுவதை அவன் பார்த்ததே இல்லை. சாப்பாட்டையும் எழுத்தையும் வலது கைக்கு மாற்றியது அவன்தான். மட்டையை யாரும் மாற்றவில்லை.

கடை மூடுவதற்குள் பைக்கில் ஓடினோம். இடது தோளுக்கு ஒன்றே ஒன்று இருந்தது.

டியூஷன் முடிந்து வந்த கோமதி அதை மாட்டிக்கொண்டு கையை ஓங்கி வீசினாள். "வலியே இல்ல தாத்தா! நாளைக்கு ஆடறேன்!"

எழுதப் படிக்க முதியோர் வகுப்பில் நான் சேர்ந்தபோது சிரித்த சேகர், புதுப் பெட்டியிலிருந்த தாளை என்னிடமே நீட்டினான்.

"எப்டி தோய்க்கணும்னு போட்டுக்கீது, படி நைனா."

படித்தேன். அவன் கேட்காமலே இன்னொரு முறையும் சத்தமாகப் படித்தேன்.