டிவி பார்ப்பதே வேலை

ஜூன் 3

மதிப்பிற்குரிய உரையாடல் ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் நிறுவனம் தமிழில் வெளியிடும் கொரியத் தொடர்களில் மூன்றை முழுதாகப் பார்த்துவிட்டேன். நான்காவது, கப்பல் கட்டும் குடும்பத்தின் கதை, ஐந்தாம் பாகத்தில் நிற்கிறது. அதை நிறுத்திவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

நான் விரும்பிப் பார்க்கத் தொடங்கியவள் அல்ல. என் மகனை விட்டுப் போன மருமகள் எங்கள் வீட்டு டிவியில் என்னென்ன பார்த்தாள் என்ற பட்டியல் அதிலேயே பதிந்திருக்கிறது. பேத்தி யாரிடம் வளர வேண்டும் என்று வழக்கு நடக்கிறது. நான் சாட்சி. பார்க்காததைப் பற்றிச் சாட்சி சொல்லும் பழக்கம் எனக்கில்லை. அதனால் பட்டியலை முதலிலிருந்து பார்த்து வருகிறேன்.

குறைகள் நிறைய. நாயகன் வாய் திறந்து பேச வேண்டிய இடத்திலெல்லாம் நாயகியின் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கிறான். அவளையே விரும்பி, குடை பிடித்து நிற்கும் இரண்டாவது பையன் எல்லா விதத்திலும் அவனைவிட மேல். அவனைப் பதினாறு பாகமும் மழையில் நிறுத்திவைத்து, கடைசியில் விமானம் ஏற்றிவிடுகிறார்கள். நாயகனும் நாயகியும் சிறுவயதிலேயே ஒருவரையொருவர் சந்தித்தவர்களாம், மூன்று தொடரிலும். உலகம் அவ்வளவு சின்னதாக இருந்தால் முப்பத்தொரு ஆண்டுகள் தொலைபேசி நிலையத்தில் எனக்கு என்ன வேலை இருந்திருக்கும்?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் எதற்கும் அவசரப்படுவதில்லை. பாத்திரங்களை ஒரு பெண் கழுவி முடிக்கும்வரை கேமரா காத்திருக்கிறது. கழுவுகிற விதத்திலேயே அவள் கோபம் யார்மேல் என்று தெரிந்துவிடுகிறது. தமிழ் வசனத்தில் நாயகி தன் மேலாளரை 'நீங்க' என்கிறாள், சண்டை வந்தால் 'நீ' என்கிறாள், அடுத்த காட்சியில் மறுபடி 'நீங்க'. தவறு என்று குறித்துவைத்தேன். பிறகுதான் புரிந்தது, கோபத்தில் மட்டும் அவள் அவனுக்கு நெருக்கமாகிறாள். குறிப்பை அடித்துவிட்டேன்.

ஆனால் ஐந்தாம் பாகம். முத்துத்தோடு போட்ட மாமியார் மருமகளிடம், "இந்த வீட்ல ஈரத்துண்டுக்கும் ஒரு ஒழுங்கு இருக்கு" என்கிறாள். நான்கு வேலையாட்கள் வைத்திருப்பவளுக்குத் துண்டு எங்கே காய்கிறது என்றே தெரியாது. அது அவள் வாக்கியம் அல்ல, என் வாக்கியம். என் வீட்டுக்கு வெளியே நான் அதைச் சொன்னதே இல்லை. எங்கிருந்து எடுத்தீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

இப்படிக்கு,
தொலைபேசி நிலைய மேற்பார்வையாளர் (ஓய்வு)


ஜூன் 11

அன்புள்ள அத்தை,

உறையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. 'ழ'வுக்கு அப்படிக் கொக்கி போட உங்களால் மட்டும்தான் முடியும். அலுவலகத்தில் உங்கள் கடிதத்தை என் மேஜைமேல் வைத்து, "யாரோ டீச்சர் போல, பாத்து பதில் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வாக்கியத்தை எடுத்தது நான்தான். பதினோரு வருடம் கேட்ட வாக்கியம். கொரிய மொழியில் அந்த அம்மாள் சொன்னது, "இங்கே எல்லாவற்றுக்கும் முறை உண்டு" என்பதுதான். அப்படியே எழுதிப் பார்த்தேன், உப்பில்லாமல் இருந்தது. உங்களை நினைத்துக்கொண்டேன், உடனே வந்துவிட்டது.

நீங்கள் பட்டியலில் பார்த்தவை எல்லாம் நான் தமிழ் வசனம் எழுதிய தொடர்கள். திரையில் உதடு மூடும் இடத்தில் தமிழிலும் உதடு மூட வேண்டும். அங்கே ஒரு 'ப' வர வேண்டும், இல்லையென்றால் 'ம'. பெரிய திரையில் ஓட்டினால்தான் உதடு சரியாகத் தெரியும். அதற்காகத்தான் ஒரே காட்சியைப் பத்துத் தடவை ஓட்டினேன். நீங்கள் கூடத்தைக் கடந்து போகும்போதெல்லாம் அதே பெண் அதே இடத்தில் அழுதுகொண்டிருப்பாள். நீங்கள் என்ன நினைத்திருப்பீர்கள் என்று இப்போது புரிகிறது.

சொல்லியிருக்கலாம். உங்கள் மகன்தான் வேண்டாம் என்றார். "அம்மா கான்வென்ட்ல படிச்சவங்க, டப்பிங்னு சொன்னா மூக்கைச் சுளிப்பாங்க" என்றார். சுளித்திருப்பீர்கள்தானே, அத்தை?

வழக்கைப் பற்றி உங்களிடம் எதுவும் கேட்க மாட்டேன். உங்கள் பேத்தி நலம். பள்ளிக்கூடத்தில் முன் வரிசைக்கு மாற்றியிருக்கிறார்கள், கண்ணாடி போட வேண்டியிருக்கும் போலிருக்கிறது. இரண்டாவது பையனைப் பற்றி நீங்கள் எழுதியது சரி. அவனுக்கு வசனம் எழுதும்போது எனக்கும் மனசு கேட்கவில்லை.

உங்கள்,
மருமகள்


ஜூன் 16

மருமகளுக்கு,

கடிதம் கிடைத்தது. 'ழ'வுக்குக் கொக்கி அப்படித்தான். மற்றவர்கள் போடுவதுதான் தவறு.

மூக்கைச் சுளித்திருப்பேன் என்பது உண்மை. ஆனால் அந்த வாய்ப்பை எனக்குத் தராமல் எனக்காக என் மகன் சுளித்துக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை.

அவனிடம் கேட்டேன். சவரம் செய்துகொண்டிருந்தான். கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பாமலே, "அதெல்லாம் ஒரு வேலையாம்மா? நீங்க சொன்னதையே அங்கயும் சொல்லுங்க, போதும்" என்றான். ஆக, எல்லாம் தெரிந்தேதான் செய்திருக்கிறான்.

நான் சொன்னது என்ன என்பதையும் நீ தெரிந்துகொள். அவனுடைய வக்கீல் வீட்டுக்கு வந்து கேட்டபோது, "அவளுக்கு நாள் முழுக்க டிவி பாக்குறதே வேலை" என்றேன். அவர் அதைத் தட்டச்சு செய்து என் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டார். குழந்தையைக் கவனிக்காதவள் என்பதற்கு அவர்களிடம் இருக்கும் சாட்சியம் அந்த ஒரு வரிதான். 24ஆம் தேதி கூண்டில் நின்று அது என் வார்த்தை என்று நான் சொல்ல வேண்டும்.

ஆறாம் பாகத்திலிருந்து பத்தாம் பாகம் வரை பார்த்தேன். மகன் பொய் சொல்கிறான் என்று தெரிந்த பிறகும் முத்துத்தோடு அம்மாள் அவன் பக்கமே நிற்கிறாள். அவளைக் கொடுமைக்காரி என்று நாம் திட்ட வேண்டுமென்று இசையெல்லாம் போட்டிருக்கிறார்கள். அவள் கொடுமைக்காரி அல்ல, சோம்பேறி. மகனைப் பற்றிப் புதிதாக ஒன்றை யோசிக்க அவளுக்கு அலுப்பு.

இனி எனக்கு எழுதாதே. வழக்கு முடியும்வரை சாட்சியும் எதிர்த்தரப்பும் பேசிக்கொள்வது முறையல்ல. நானும் எழுத மாட்டேன்.

மாமியார்


ஜூன் 29

அன்புள்ள அத்தை,

ஆணை வந்துவிட்டது. குழந்தை என்னோடுதான் இருப்பாள். வழக்கு முடிந்ததால் எழுதுகிறேன், முறை தவறவில்லை.

24ஆம் தேதி கோர்ட்டில் வக்கீல் அந்த வரியைப் படித்து, "இது நீங்க சொன்னதுதானே?" என்று கேட்டதும், "ஆமாம், ஒரு எழுத்துகூட மாத்த மாட்டேன்" என்றீர்கள். அவர் உட்காரப் போனார். நீங்கள் அவரை உட்கார விடவில்லை.

"டிவி பாக்குறதே அவ வேலைதான். அதுக்குத்தான் அவளை ஒரு கம்பெனி வேலைக்கு வெச்சிருக்கு. நான் சொன்னதுல பிழை இல்ல. சொன்னப்ப எனக்கே அர்த்தம் தெரியல, அதுதான் பிழை."

நீதிபதி பேனாவை மூடி வைத்துவிட்டு உங்களையே பார்த்தார். குழந்தையைப் பற்றிக் கேட்டதற்கு, அவள் ஒரு வேளை பட்டினி கிடந்தோ, ஒரு நாள் தலை வாராமல் பள்ளிக்குப் போயோ நான் பார்த்ததில்லை என்றீர்கள். கூண்டிலிருந்து இறங்கும்போது என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. உங்கள் மகன் உங்களை விட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்தேன். ஓடி வருவதற்குள் நீங்கள் பஸ் ஏறிவிட்டீர்கள்.

எங்களோடு வந்து இருங்கள், அத்தை. சின்ன வீடுதான், ஆனால் உங்களுக்கென்று ஓர் அறை இருக்கிறது. இவ்வளவும் செய்துவிட்டு அந்த வீட்டில் தனியாக ஏன்?

மருமகள்


ஜூலை 3

அன்புள்ள மருமகளுக்கு,

நான் தனியாக இல்லை. என் மகன் இருக்கிறான், பேசுவதில்லை, அவ்வளவுதான். அவன் பேசும் நாளில் நான் இங்கே இருக்க வேண்டும். ஆகவே வரமாட்டேன். வற்புறுத்தாதே.

பதினாறாம் பாகத்தை முடித்துவிட்டேன். முத்துத்தோடு அம்மாள் தோட்டைக் கழற்றிவைத்துவிட்டு, மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஏழு நிமிடம் அழுகிறாள். எண்ணிப் பார்த்தேன், ஏழு. பதினைந்து பாகம் அப்படி இருந்தவள் ஒரே பாகத்தில் இப்படி ஆகமாட்டாள். கதை எழுதியவருக்குப் பொறுமை போய்விட்டது. அவள் வாசல் வரை வந்து, உள்ளே வருவதா வேண்டாமா என்று நிற்பதோடு முடித்திருக்க வேண்டும். நீயும் அந்த அழுகைக்கு 'என்னை மன்னிச்சிடும்மா' என்று மூன்று தடவை எழுதியிருக்கிறாய். ஒன்று போதும்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்கு வருவேன். ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவேன். பேத்தியைக் கண் டாக்டரிடம் நானே அழைத்துப் போகிறேன், நாள் குறித்துவை. நான்கு தொடரிலும் சேர்த்து உன் தமிழில் அறுபத்திரண்டு இடங்களில் குறி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வாரமும் பத்து பார்க்கலாம். அழாதே, எனக்குப் பிடிக்காது.

மன்னிச்சிடும்மா.

அத்தை