பயிற்சிதான், பதறாதீங்க

ஜூன் 4

முன்னாள் முதல் அதிகாரி அவர்களுக்கு,

இது நலம் விசாரிக்கும் கடிதம் அல்ல. ஆகவே நலமா என்று கேட்கவில்லை.

மாலுமிப் பள்ளியின் புதிய வகுப்பறைக் கட்டடத்துக்கு, கப்பலோடு போன என் கணவரின் பெயரை வைக்கப் போகிறார்கள். மூழ்கும் கப்பலில் பயணிகளை ஒரு கேப்டன் எப்படிக் காப்பாற்றலாம் என்பதுதான் அங்கே முதல் பாடம். அந்தப் பாடத்தை எழுதித் தரும்படி பள்ளி முதல்வர் என் வீட்டுக்கே வந்து கேட்டார். மரியாதையான இளைஞர். செருப்பை மட்டும் கோணலாகக் கழற்றிவிட்டு வந்தார்.

அவர் தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னார். மாணவர்கள் விசாரணை அறிக்கையைப் படித்திருக்கிறார்களாம். பாறையில் உரசிக் கப்பலின் அடி கிழிந்த பிறகும், "இது பயிற்சி" என்று நீங்கள் மைக்கில் அறிவித்ததையும், அதை நம்பி மதியத் தூக்கத்தை விடாமல் அறைகளிலேயே இருந்த தொண்ணூற்றேழு பேர் இறந்ததையும் படித்திருக்கிறார்கள். "அப்போ கேப்டன் எங்க சார் இருந்தார்?" என்று ஒருவன் கேட்டானாம்.

நியாயமான கேள்வி. "என் சொந்த முடிவு" என்று மட்டும் விசாரணையில் சொன்னீர்கள். அவர் அப்போது எங்கே இருந்தார் என்று சொல்லவே இல்லை. அவர் அருகில் இல்லாதபோது, அவருக்குத் தெரியாமல் அறிவித்தேன் என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். இந்த இருபத்திரண்டு வருடங்களில் உங்களிடம் நான் எதுவும் கேட்டதில்லை. நினைவுநாளுக்கு நீங்கள் அனுப்பும் கடிதங்களையும் பிரிக்காமலே திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். அது உங்களுக்கே தெரியும்.

கேப்டனின் மனைவி


ஜூன் 11

அன்புள்ள அண்ணிக்கு,

உறையின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். கிடங்கில் எனக்குப் பக்கத்து மேசைக்காரர், "யாரு, மேலதிகாரியா?" என்றார். "அதுக்கும் மேல" என்றேன்.

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன், நலம்தான். இடது முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. லைசென்ஸ் போனதிலிருந்து இந்தக் கிடங்கில்தான் சரக்குச் சீட்டு எழுதுகிறேன். இங்கே எதுவும் மூழ்காது. மழைக்காலத்தில் கூரை ஒழுகும், அவ்வளவுதான்.

அண்ணி, பழி முழுவதும் ஏற்கெனவே என் தலையில்தான் இருக்கிறது. நனைந்தவனுக்கு எதற்கு இன்னொரு வாளித் தண்ணீர்? கேப்டன் நல்லவர். கப்பலில் கடைசிச் சமையல்காரர் வரை எல்லோருடைய பிள்ளைகளின் பெயரும் அவருக்குத் தெரியும். அதை எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன். நீங்கள் கேட்கும் அந்த ஒரு பக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

உங்கள் தம்பி


ஜூன் 19

முன்னாள் முதல் அதிகாரி அவர்களுக்கு,

என்னை அண்ணி என்று அழைக்கும் உரிமையை அந்த மைக்கோடு சேர்த்துக் கடலில் போட்டுவிட்டீர்கள். இரத்த உறவு இல்லாவிட்டாலும் என் மேசையில் சாப்பிட்டு வளர்ந்தவர் நீங்கள். உங்கள் சட்டைக்குப் பொத்தான் தைத்த கை இது. அதனால்தான் இன்னும் "நீங்கள்" என்று எழுதுகிறேன். வேறொருவர் என்றால் அதுவும் இருக்காது.

நான் எழுதிய பாடத்தின் பிரதியை இணைத்திருக்கிறேன். அவர் வகுத்த முறையை அதில் விளக்கியிருக்கிறேன். சனிக்கிழமைதோறும் பயிற்சி மணி அடிக்கும். அடித்ததும் கேப்டனின் மனைவி லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு முதல் படகில் முதல் ஆளாகப் போய் உட்கார வேண்டும். அவளைப் பார்த்துப் பயணிகள் வருவார்கள். பதினொரு வருடங்கள் நான் உட்கார்ந்தேன். ஒருமுறைகூடத் தாமதித்ததில்லை, நாடாவைத் தவறாகக் கட்டியதில்லை.

அன்று சனிக்கிழமை இல்லை. ஆனாலும் உங்கள் குரலைக் கேட்டதும் போய் உட்கார்ந்தேன். "இன்னிக்குத் தண்ணி வரைக்கும் இறக்கிப் பாக்கறோம்மா" என்றான் படகுக்காரன். அறுபது பேர் ஏறக்கூடிய படகு பதினான்கு பேரோடு இறங்கியது. தண்ணீரைத் தொட்ட பிறகு திரும்பிப் பார்த்தேன். கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

பாடத்தின் கடைசி வரி இது: "கேப்டன் எந்த நிலையிலும் மைக்கைக் கோழைகளின் கையில் கொடுக்கக் கூடாது." ஜூலை முதல் வாரம் அச்சுக்குப் போகிறது. உங்கள் கையெழுத்து வந்தாலும் வராவிட்டாலும் அந்த வரி இருக்கும்.

கேப்டனின் மனைவி


ஜூன் 27

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் கோழை என்றதற்காக இதை எழுதவில்லை. அது பழகிவிட்டது. பாடத்தை மூன்று முறை படித்தேன். அதைப் படிக்கும் பிள்ளைகள் நாளைக்குக் கப்பல் ஓட்டுவார்கள். மைக் யார் கையில் இருந்தது என்பது பாடமே இல்லை, அண்ணி. அவர்கள் தப்பாகப் படித்துவிட்டுப் போனால், இன்னொரு தொண்ணூற்றேழும் என் கணக்கில்தான் சேரும்.

கேப்டன் என் பக்கத்தில்தான் நின்றார்.

கீழே போய்த் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துவிட்டுச் சுக்கான் அறைக்குள் வந்தார். கால்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது. "ரெண்டு மணி நேரம் தாங்கும்" என்றார். நான் ஆபத்து என்று அறிவிக்க மைக்கை எடுத்தேன். என் கையைப் பிடித்தார்.

"பயிற்சின்னு சொல்லு."

"சார்?"

"உங்க அண்ணியைத் தெரியும்ல? மூழ்குதுன்னா நாற்காலியைத் தூக்கிட்டு வந்து என் பக்கத்துல உட்கார்ந்துடுவா. யார் சொன்னாலும் எழுந்திருக்க மாட்டா. பயிற்சின்னா மணி அடிச்சு ஓயறதுக்குள்ள படகுல இருப்பா. பத்து நிமிஷம் போதும். அவ படகு தண்ணியைத் தொட்டதும் உண்மையைச் சொல்லிடலாம்."

சொன்னேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த ஒரு இடத்தில் நான் கோழைதான்.

ஒன்பதாவது நிமிடம் ஜெனரேட்டர் அறைக்குள் தண்ணீர் புகுந்தது. விளக்கு போனது, மைக்கும் போனது. உங்கள் படகு அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தது. கேப்டன் என் முகத்தைப் பார்த்தார். பிறகு படியிறங்கி ஓடினார். கடைசியாக நான் பார்த்தபோது கீழ்த்தளத்தில் கதவு கதவாக முஷ்டியால் குத்திக்கொண்டு போனார். "பயிற்சி இல்ல! பயிற்சி இல்ல!" என்று கத்தினார். பலர் எழுந்து வந்தார்கள். எல்லாக் கதவுக்கும் அவருக்கு நேரம் இருக்கவில்லை. இரண்டு மணி நேரம் என்று அவர் கணித்தது நாற்பது நிமிடமாகிவிட்டது.

சுக்கான் பிடித்தவரும் பிழைக்கவில்லை. அதனால் விசாரணையில் உண்மை தெரிந்தவன் நான் ஒருவன்தான். சொல்லிவிடத்தான் போனேன். நீங்கள் முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். கேப்டன் சொன்னார் என்றால், ஏன் சொன்னார் என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்கான பதில் நீங்கள்தான். வாயை மூடிக்கொண்டேன்.

என்னை மன்னித்துவிடுங்கள். சொல்லாமல் இருந்ததற்கா, இப்போது சொன்னதற்கா என்று எனக்கே தெரியவில்லை.

உங்கள் தம்பி


ஜூலை 2

தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஒருமுறைதான் படித்தேன். அதுவே போதுமான அளவு தெளிவாக இருக்கிறது.

அவர் சொன்னது சரிதான். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்திருப்பேன். அதனால் ஒரே ஒரு பிணம் கூடியிருக்கும். தொண்ணூற்றேழைவிட ஒன்று சிறிய எண் என்பது பதினொரு வருடங்கள் என்னோடு குடும்பம் நடத்தியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்னிடம் நேரில் வந்து, "நீ போனால்தான் மற்றவர்கள் வருவார்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருப்பேன். அழுதுகொண்டு போயிருப்பேன். ஆனால் போயிருப்பேன். அந்தக் கண்ணீரைப் பார்த்தே அந்தத் தளம் முழுவதும் என் பின்னால் வந்திருக்கும்.

விசாரணையில் நீங்கள் ஒன்றை மறைத்தீர்கள். நானும் மறைத்தேன். இப்போது என் முறை.

படகில் உட்கார்ந்திருந்தபோது ஓர் இளம்பெண் தயங்கியபடி வந்து நின்றாள். தலையை முழுதாக வாரி முடித்திருக்கவில்லை, பாதிப் பின்னலைக் கையில் பிடித்திருந்தாள். "குழந்தைங்க ரெண்டும் இப்பத்தான் தூங்குச்சுங்க. எழுப்பிக் கூட்டிட்டு வரணுமாம்மா?" என்று கேட்டாள். என்னிடம் கேட்டாள், ஏனென்றால் நான் கேப்டனின் மனைவி. "பயிற்சிதான், பதறாதீங்க. தூங்கட்டும்" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. அவள் நன்றி சொல்லிவிட்டு உள்ளே போனாள். இறந்தவர்களின் பட்டியலில் அவர்கள் மூவரும் அடுத்தடுத்து இருந்தார்கள்.

இத்தனை வருடங்கள் உங்களை நான் வெறுத்தது எதற்கு என்று இப்போது உங்களுக்குப் புரியும். பயிற்சி என்ற அந்தச் சொல் உங்களுடையதாக மட்டும் இருந்தால்தான் என்னால் காலையில் எழுந்திருக்க முடிந்தது. அதையும் இப்போது எடுத்துக்கொண்டீர்கள்.

அவர் அன்பினால் என்னிடம் பொய் சொன்னார். நீங்கள் மரியாதையினால் சொன்னீர்கள். இருவருமே என்னைப் பயணியாகத்தான் வைத்திருந்தீர்கள். நானும் அந்தப் பெண்ணை அப்படித்தான் வைத்தேன். ஆகவே மன்னிப்பைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். நானும் உங்களிடம் கேட்கப் போவதில்லை. கேட்க வேண்டியவள் பாதிப் பின்னலோடு போய்விட்டாள்.

உங்கள் கடிதத்தின் பிரதியையும், நான் மேலே எழுதியதையும் முதல்வருக்கு அனுப்பிவிட்டேன். கட்டடத்துக்கு அவர் பெயர் வேண்டாம் என்றும் எழுதிவிட்டேன். பழைய பாடத்தைக் கிழித்துவிட்டு ஒரே வரியில் புதிதாக எழுதியிருக்கிறேன்: "கப்பல் மூழ்கினால், மூழ்குகிறது என்று சொல்லுங்கள், முதலில் உங்கள் வீட்டாரிடம் சொல்லுங்கள்." அச்சிடுவதும் விடுவதும் அவர்கள் விருப்பம்.

இங்கே வர வேண்டாம். உங்கள் முகத்தைப் பார்த்தால் அவர் முகம்தான் தெரியும், அவர்மேல் எனக்கு இருக்கும் கோபத்தை நீங்கள் தாங்க வேண்டியதில்லை. ஏற்கெனவே நிறையச் சுமந்துவிட்டீர்கள்.

நினைவுநாள் கடிதத்தை இந்த வருடமும் அனுப்புங்கள். பிரிக்க மாட்டேன். திருப்பியும் அனுப்ப மாட்டேன்.

அண்ணி