லிஃப்டுக்குள் பாடிய இரண்டு வரி

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

நேற்று நான் லிஃப்டைப் பழுதுபார்த்து ஓட்டிப் பார்த்தபோது கரண்ட் போய்விட்டது. பயப்படாதே, அரை மணி நேரம்தான் உள்ளே மாட்டிக்கொண்டோம். கூட வந்த துப்புரவு அக்கா நடுங்கிப்போய், "தம்பி, ஏதாவது சாமி பாட்டு பாடுப்பா" என்றார். சாமியே இல்லை என்று உன்னோடு மல்லுக்கட்டியவன், நீ சமைக்கும்போது முணுமுணுக்கும் பாட்டைப் பாடினேன். இரண்டு வரிதான் தெரியும். அதையே திரும்பத் திரும்பப் பாடினேன். அக்கா அமைதியானார். எனக்கும் பயம் தெளிந்தது.

கதவு திறந்ததும், "உங்க சாமி கெட்டிக்காரர்ப்பா" என்றார்.

"கரண்ட் வந்துடுச்சுக்கா" என்றேன்.

சிரிக்காதே, எனக்குச் சந்தேகம் இன்னும் தீரவில்லை. ஆனாலும் மீதிப் பாட்டை உன் குரலிலேயே போனில் பாடி அனுப்பு. அக்கா கேட்கிறார். சரி, நானும்தான்.

சூப்பர்வைசர் கூப்பிடுகிறார்.

உன் மகன்