கிழக்கு பார்த்த பெட்டி

டேய் மச்சான்,

இன்று தேக்கா கடைத்தெருவில் ஒரு காய்கறிக் கடைக்காரர் மாம்பழப் பெட்டியிலிருந்து ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தார். பிளந்த பலகையிலிருந்து பச்சை மரவாடை வந்தது. கறிவேப்பிலையும் மல்லிகையும் மீனும் மூக்கை ஆளுக்கொரு பக்கம் இழுக்கிற அந்த நடைபாதையில் எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது. "இந்தப் பலகை அடிப்பக்கத்துக்கு ஆகும்டா" என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன். பின்னால் நின்ற சீனக் கிழவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு நகர்ந்து போனார். நீ இல்லை.

நீ இல்லை என்பது எனக்கு ஒவ்வொரு தடவையும் புதுச் செய்தியாகத்தான் வந்து சேருகிறது.

உன் காத்தோங் வீட்டுக் கொல்லையில் நாம் தொடங்கிய அகில உலகக் குருவிக் குடியிருப்புக் கழகத்துக்கு நீ தலைவர். நான் துணைத் தலைவர், கொள்கை பரப்புச் செயலாளர், டீ வாங்கி வருகிறவர். சுவா சூ காங்கிலிருந்து கண்டம் விட்டுக் கண்டம் தாண்டி, ரயில் மாறி, பஸ் பிடித்து வருவேன். "பரவால்லியே, உயிரோட வந்து சேந்துட்டியே" என்பாய்.

கழகம் பிறந்த காரணம் மட்டும் சிரிக்கிற மாதிரி இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் வீட்டை இடித்துக் கட்டியபோது வேலியோரப் பழைய மரத்தையும் வெட்டினார். அதன் பொந்தில்தான் அந்தக் குண்டுக்கரிச்சான் இருந்தது. கறுப்பும் வெள்ளையுமாய், வாலைத் தூக்கிக்கொண்டு, விடியும்போதே கச்சேரியைத் தொடங்கிவிடும். உன் மனைவி, எனக்குத் தங்கச்சி மாதிரி, அடுப்படியில் நின்றபடி அதற்குப் பதில் விசில் அடிப்பாள். அது ஒரு வரி, இவள் ஒரு வரி. அவள் காலமான பிறகும் அது பாடிக்கொண்டுதான் இருந்தது. மரம் போனதும் அதுவும் போனது. "வீடு ரொம்ப அமைதியா இருக்குடா" என்றாய். மறுநாள் நான் ரம்பத்தோடு வந்து நின்றேன்.

ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் காலமெல்லாம் வெல்டிங் செய்த இரண்டு பேர் குருவிக்குப் பெட்டி செய்தால் எப்படி இருக்கும்? கடலில் தள்ளிவிட்டால் நாகப்பட்டினம் போய்ச் சேரும், அப்படி இருந்தது. மூலைக்கு மூலை சிலிக்கோன் பசை பூசினோம். உள்ளே தண்ணீர் ஊற்றிச் சோதித்தோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை. கட்டிப்பிடித்துக்கொண்டோம். உன் மகள் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, மழைத் தண்ணி உள்ள போனா எப்படி வெளிய வரும்? குஞ்சுக்கெல்லாம் ஸ்விம்மிங் கிளாஸா?"

"ஆயுசு பூரா ஓட்டைய அடைச்சவன்மா நானு" என்று முனகிக்கொண்டே நீ அடிப்பலகையில் துளை போட்டாய். பெற்ற பிள்ளைக்குக் காது குத்துகிற முகம் உனக்கு.

பெட்டியை மாட்டும் நாளில் சண்டை வந்தது. மனுஷனோ பறவையோ, வாசல் கிழக்கு பார்த்துத்தான் இருக்க வேண்டும் என்று நான் நின்றேன்.

"எங்க சர்ச் வாசல் மேற்கு பாத்துத்தான் இருக்கு. கூட்டம் வரலியா?"

"கர்த்தர் எந்தப் பக்கமும் வருவாரு. குருவி அப்படி இல்லடா."

கடைசியில் நான்தான் ஜெயித்தேன். கிழக்கு பார்த்துச் சுவரில் அடித்தோம். நான் தேங்காய் உடைத்துப் பால் காய்ச்சினேன். நீ சர்ச்சிலிருந்து கொண்டுவந்த பாட்டிலைத் திறந்து தீர்த்தம் தெளித்தாய். தேவேந்திரன் மாளிகைக்குக்கூட இப்படி இரண்டு மதத்திலும் குடிபுகுதல் நடந்திருக்காது.

முதலில் வந்தவை மைனாக்கள். நீ துடைப்பத்தோடு காவலுக்கு உட்கார்ந்தாய்.

"பாவம்டா, அதுக்கும் வீடு வேணும்லா."

"அதுக்கு ஊரெல்லாம் வீடு இருக்கு. கரிச்சானுக்கு?"

குண்டுக்கரிச்சானும் ஒரு நாள் வந்தது. பெட்டி மேல் நின்று உள்ளே எட்டிப் பார்த்தது. நாம் மூச்சு விடவில்லை. அது பறந்துவிட்டது. மறுபடி வந்தது, மறுபடி போனது. ஒரு தடவைகூட உள்ளே நுழையவில்லை.

அதற்குள் உன் நுரையீரல் கைவிட்டது. தினமும் பெட்டியைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வருவேன். நீ ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கி ஒன்றுதான் கேட்பாய்: "வந்துச்சா?" மைனாக்கள் சமாதானத் தூது அனுப்பியிருக்கின்றன, பேச்சுவார்த்தை நடக்கிறது என்று ஏதாவது சொல்லி நழுவிவிடுவேன்.

ஒரு பிற்பகலில் உன் மகள் வராந்தாவிலேயே என் கையைப் பிடித்தாள்.

"அங்கிள், அப்பாவுக்கு இனிமே ரொம்ப நாள் இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கேட்டா வந்துடுச்சுன்னு சொல்லிடுங்க. எவ்வளவோ அளக்கறீங்க, இது ஒண்ணு. ப்ளீஸ் லா."

நியாயம்தான். பல்லியை முதலையாக்கி வீதிவலம் விடுகிறவன் நான். கூட்டிலிருந்து குஞ்சு வரைக்கும் கதையைக் கட்டிக்கொண்டு அவளோடு உள்ளே வந்தேன். "வந்துச்சா?" என்று நீ கேட்டாய். உன் கண்ணைப் பார்த்ததும் கட்டியதெல்லாம் சரிந்துவிட்டது.

"இல்லடா. வரல."

உன் மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நீ அழுவாய் என்று பயந்தேன். நீயோ, வேலையிடத்தில் ஒரு இணைப்பு விட்டுப்போனால் புருவத்தைச் சுருக்குவாயே, அப்படிச் சுருக்கினாய்.

"பெட்டிய தொட்டுப் பாத்தியா? சுடுதா?"

"தோசைக்கல்லு கெட்டுது. அதுல ஊத்தப்பமே..."

"கூட்டாம சொல்லு."

"சுடுது."

"காலை வெயிலு நேரா வாசல்ல இறங்குது. வடக்கால திருப்பு, ஜம்பு மரத்து நிழலுக்கு." மூச்சு வாங்கினாய். "உன் கிழக்கத் தூக்கிச் சாக்கடைல போடு."

சிரித்தாய். சிரிப்பு இருமலாகிவிட்டது. நர்ஸ் வந்து என்னை வெளியே அனுப்பினாள். அதற்குப் பிறகு உன் குரலை நான் கேட்கவில்லை.

அன்று மாலையே பெட்டியைத் திருப்பினேன். அடுத்த நாள் நீ போய்விட்டாய்.

சர்ச்சில் உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தோம். கொல்லையில் கரிச்சான் அலகில் காய்ந்த புல்லோடு நின்றது. சுற்றிலும் பார்த்தது. உள்ளே நுழைந்தது. உன் மகள் அடுப்படி வாசலில் நின்று உதட்டைக் குவித்தாள். காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றாள். முடியாமல் சேலை முனையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நான் பொய் சொல்லியிருந்தால் நீ நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பாய். பெட்டி காலியாகவே வெந்துகொண்டிருக்கும். உண்மையைச் சொன்னேன், பறவை வந்தது, ஆனால் அது வந்ததைத் தெரிந்துகொள்ளாமலே நீ போனாய். எதைச் செய்திருக்க வேண்டும் என்று சுவா சூ காங் போய்ச் சேரும்வரை ரயிலில் யோசிக்கிறேன். இறங்குகிற இடம் வந்துவிடுகிறது, பதில் வருவதில்லை.

இந்த வாரம் பெட்டிக்குள் சத்தம் கேட்கிறது. எத்தனை குஞ்சு என்று தெரியாது. எட்டிப் பார்த்தால் தாய் பயப்படும் என்று பார்க்கவில்லை. தெரிந்தவர் யாரிடமும் நான் இதைச் சொல்லவில்லை. சொன்னால் என் வாய் சும்மா இருக்காது, நாளைக்கே அது மயிலாகிவிடும். இந்த ஒன்றை மட்டும் உள்ளது உள்ளபடி வைத்திருக்கிறேன், கேட்டவன் நீ என்பதால்.